பறித்த பிறகும் மணம் செய்யும் மல்லி

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே மாலையில் மல்லிகைச் சரம் வாங்குகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். நாலு, நாலரை மணிக்கு வாங்கும்போது அது வெறும் மொட்டுச் சரம். முகர்ந்தால் பச்சை வாசனையைத் தாண்டி ஒன்றும் தெரியாது. குர்லாவில் வண்டி மாறி, மான்குர்டில் இறங்கி, அணுசக்தி நகர் வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குச் சாத்திவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் வீடெல்லாம் மணக்கிறது. விடியற்காலையில் செடியிலிருந்து பறித்த மொட்டு அது. வேர் இல்லை, இலை இல்லை, காலையிலிருந்து வெயிலும் பட்டதில்லை. இவ்வளவு மணத்தை எங்கிருந்து கொண்டுவந்தது?

இன்னொரு புதிரும் உண்டு. ‘மல்லிகை’ என்று எழுதிய ஊதுபத்தியை ஏற்றினாலும் தலைக்கு எண்ணெய் தடவினாலும் மல்லி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மல்லியாக இல்லை. பூவையே பிழிந்தெடுத்த விலை உயர்ந்த சாற்றை முகர்ந்தாலும், கூந்தலில் இருக்கும் பூவின் மணத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரிகிறது.

இரண்டு புதிருக்கும் விடை ஒன்றே. மல்லியின் மணம் பூவுக்குள் சேர்த்துவைத்த சரக்கு அல்ல. உயிர் இருக்கும்வரை பூ செய்துகொண்டே இருக்கும் வேலை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், அந்த மணத்தை எப்படிப் பிடிக்கிறார்கள், பிடித்ததை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால், மும்பையின் இந்தப் பகுதியில் நமக்குப் பழக்கமான சில ஆய்வுக்கூடங்களின் அறிவியலும் அதில் வந்து சேர்கிறது.

மணம் என்பது ஒரு கூட்டம்

ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக் காற்றில் கலந்து மூக்குக்குள் வர வேண்டும். அதற்கு அவை சிறியவையாக இருக்க வேண்டும். சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் காற்றில் கிளம்புவதில்லை. ஆகவே சர்க்கரைக்கு மணமில்லை. மல்லியின் மணப்பொருள்கள் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக் கூடியவை.

மல்லி மணம் ஒரே பொருளால் வருவதும் இல்லை. பென்சைல் அசிட்டேட் பழ வாசனையும் இனிப்பும் கலந்தது. லினலூல் மென்மையான பூவாசனை. மெத்தில் ஆந்த்ரனிலேட் கறுப்புத் திராட்சையை நினைவூட்டும். பச்சை வாசனையோடு சில எஸ்டர்கள் உண்டு. இவற்றோடு இண்டோல் என்றொரு பொருள். தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் இண்டோல் நாப்தலீன் உருண்டையையும் மலத்தையும் நினைவூட்டும். ஆனால் மிகச் சிறிய அளவில் மற்றவற்றோடு கலந்தால்தான் மல்லிக்கு அந்த ராத்திரி மணம், அந்தக் கிறக்கம் வருகிறது. இண்டோலை நீக்கிவிட்டால் மணம் சுத்தமாகத்தான் இருக்கும், மல்லியாக இருக்காது.

நாம் தலையில் வைக்கும் மல்லி வகைகளும் ஒன்றல்ல. குண்டுமல்லி ஒரு சிற்றினம், முல்லை வேறு, சாதிமல்லி என்றும் பிச்சி என்றும் சொல்லப்படுவது வேறு. மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மணப்பொருள்கள் பெரும்பாலும் பொதுவானவை, விகிதம்தான் மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து இது முல்லை, இது பிச்சி என்று சொல்லிவிடும் பெண்கள் உண்மையில் அந்த விகித வேறுபாட்டைத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பறித்த பூ வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் வேதியியலர் ஆல்பர்ட் ஹெஸ்ஸே மல்லிகை எண்ணெயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிப்பூவின் மணத்தை எடுக்க ஒரு பழைய முறை இருந்தது. கண்ணாடித் தட்டில் மணமற்ற விலங்குக் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்புவார்கள். ஒரு நாள் கழித்து அவற்றை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். பல நாள்கள் இப்படிச் செய்தால் கொழுப்பு மணத்தால் நிறைந்துவிடும். பிறகு சாராயத்தால் அந்த மணத்தைக் கழுவி எடுப்பார்கள்.

பூக்களை உடனே பெட்ரோலியக் கரைப்பானில் போட்டு எண்ணெய் எடுத்தால் எவ்வளவு, கொழுப்பின் மேல் ஒரு நாள் கிடத்தி எடுத்தால் எவ்வளவு என்று ஹெஸ்ஸே ஒப்பிட்டார். கொழுப்பு முறையில் பல மடங்கு அதிக எண்ணெய் வந்தது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கரைப்பானில் விழுந்த பூ அந்த நொடியே செத்துப்போகிறது. அந்த நேரத்தில் அதனிடம் இருந்தது மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. கொழுப்பின் மேல் கிடந்த பூ உயிரோடு இருந்தது; இரவெல்லாம் மணத்தைச் செய்து வெளியிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் பறித்த பிறகு பூ செய்த வேலையின் அளவு.

நம் நாட்டுக் கைவினைஞர்களும் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். கங்கைச் சமவெளியில் எள்ளை ஒரு படுகை, மல்லிப்பூவை ஒரு படுகை என்று மாற்றி மாற்றிப் பரப்பி வைப்பார்கள். வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டுப் புதுப் பூ சேர்ப்பார்கள். கடைசியில் எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினால் மணக்கும் மல்லிகைத் தைலம். சீனாவின் ஃபூசோவில் மல்லிகைத் தேயிலை செய்வதும் இதே அடிப்படையில்தான். பகலில் குண்டுமல்லி மொட்டைப் பறித்து, இரவில் அது விரியும் நேரத்துக்குத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். எள்ளில் இருக்கும் எண்ணெய்க்கும் காய்ந்த தேயிலைக்கும் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உண்டு.

மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு பகுதி விடை கிடைத்திருக்கிறது. மல்லி மொட்டுகளை ஆராய்ந்தபோது லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்றவை சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருப்பது தெரிந்தது. அந்தப் பிணைப்பில் இருக்கும்வரை அவை ஆவியாவதில்லை, மணப்பதும் இல்லை. மொட்டு விரியும்போது நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டுகின்றன, மணம் விடுதலையாகிறது. இன்னொரு பகுதி, இதழ்ச் செல்களிலேயே அந்த நேரத்தில் புதிதாக உருவாக்கப்படுகிறது.

மதுரை, நிலக்கோட்டைப் பக்கமிருந்து வெளியூருக்கு அனுப்பும் வியாபாரிகள் மொட்டுகளைத் தெர்மகோல் பெட்டியில் ஐஸோடு வைத்துக் கட்டுவதன் காரணமும் இதுதான். குளிரில் நொதிகள் மந்தமாகின்றன, விரிவது தள்ளிப்போகிறது. பெட்டியைத் திறந்து சரத்தை வெளியே எடுத்ததும் நின்ற வேலை மீண்டும் தொடங்குகிறது.

ரோஜா இப்படி இல்லை. பறித்த சில மணி நேரத்துக்குள் அதன் மணம் குறையத் தொடங்கிவிடும். அதனால்தான் கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள் விடியற்காலையில் பறித்த ரோஜாவை அன்றைக்கே செப்புக் கொப்பரையில் போட்டு விடுகிறார்கள்.

சென்ட் ஃபேக்டரியில் நடப்பது

கன்னோஜ் முறையை மல்லிக்குப் பயன்படுத்தினால் என்ன? கொப்பரையில் பூவும் தண்ணீரும் போட்டுக் காய்ச்சினால் நீராவியோடு மணமும் கிளம்பும். குழாய் வழியே போய்க் குளிர்ந்து, அடுத்த பாத்திரத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் தங்கும். ஆனால் கொதிநீரில் பூ உடனே செத்துவிடும், வேலை நின்றுவிடும். எஸ்டர்களில் ஒரு பகுதி சூட்டில் தண்ணீரோடு வினைபுரிந்து சிதைந்துபோகும். ஆகவே மல்லியைப் பொறுத்தவரை வெப்பம் எதிரி.

தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், கோவை, நிலக்கோட்டைப் பக்கங்களில் விவசாயிகள் ‘சென்ட் ஃபேக்டரி’ என்று சொல்லும் ஆலைகள் வேறு முறையைக் கையாள்கின்றன. பெரிய கலன்களில் பூவை அடுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுகிறார்கள். ஹெக்சேன் மணப்பொருள்களைக் கரைத்துக்கொள்கிறது. கூடவே இதழ்களின் மேல் இருக்கும் மெழுகையும் நிறமிகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. குறைந்த அழுத்தத்தில், அதிகச் சூடு படாமல் ஹெக்சேனை ஆவியாக்கி விட்டால் மஞ்சள், பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற கட்டி மிஞ்சும். தொழிலில் இதற்குக் கான்கிரீட் என்று பெயர். அதைச் சாராயத்தில் கரைத்துக் கடுமையாகக் குளிர வைத்தால் மெழுகு உறைந்து பிரிந்துவிடும். வடிகட்டிச் சாராயத்தை நீக்கினால் கிடைக்கும் திரவம் அப்சல்யூட்.

கணக்கைப் பாருங்கள். சாதிமல்லியோ முல்லையோ ஆயிரம் கிலோ போட்டால் ஏறத்தாழ 3 கிலோ கான்கிரீட் கிடைக்கும். குண்டுமல்லியில் ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் இடையில்தான். அதிலிருந்து வரும் அப்சல்யூட் சுமார் பாதி. ஒரு டன் பூவைக் கையால் மொட்டு மொட்டாகப் பறித்து, கடைசியில் ஒரு கிலோ அல்லது ஒன்றரைக் கிலோ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போலி எப்படி நுழைகிறது என்பது இதிலிருந்துதான் புரியும்.

ஹெக்சேனுக்கு மாற்றாகக் கார்பன் டை ஆக்சைடையே கரைப்பானாக்கும் வழியும் வந்திருக்கிறது. 31 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அது திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் இரண்டின் குணமும் கொண்ட நிலையை அடைகிறது. அந்த நிலையில் திரவத்தைப் போலக் கரைக்கும். வாயுவைப் போல இதழின் இடுக்கெல்லாம் நுழையும். வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்தால் போதும், வாயுவாகிப் போய்விடும். சாற்றில் கரைப்பான் எச்சம் தங்காது. நம் உடலின் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் வேலை நடப்பதால் மணமும் சிதைவதில்லை.

இத்தனை செய்தும் அப்சல்யூட் மணமும் கூந்தல் பூவின் மணமும் ஒன்றாவதில்லை. ஏன்? கரைப்பான் இதழுக்குள் இருப்பதை எல்லாம் எடுக்கிறது. நம் மூக்கோ பூ வெளியே விடுவதை மட்டும் அறிகிறது. உள்ளே இருப்பதன் விகிதமும் வெளியே வருவதன் விகிதமும் வேறு.

பூவைத் தொடாமல் பிடிப்பது

அப்படியானால் பூ வெளியே விடும் காற்றை மட்டும் பிடிக்க வேண்டும். செடியில் இருக்கும் பூவைச் சுற்றி ஒரு கண்ணாடிக் குடுவையைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை மெல்ல ஒரு சிறு குழாய் வழியே இழுக்கிறார்கள். குழாயில் மணப்பொருள்களை ஒட்டவைத்துக்கொள்ளும் பலபடித் தூள் இருக்கும். பூவுக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை. பூவின் மேல்வெளியைப் பிடிக்கும் இந்த முறையைச் சுவிட்சர்லாந்தின் ரோமன் கைசர் காட்டுப் பூக்கள் பலவற்றுக்கும் பயன்படுத்திப் புகழ்பெற்றார். 1990இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷினும் அவர் குழுவினரும் இதை இன்னும் எளிதாக்கினார்கள். தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதன்மேல் உறிஞ்சும் பூச்சு. பூவுக்கு அருகே சிறிது நேரம் நீட்டிப் பிடித்தால் மணம் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே கருவிக்குள் செலுத்திவிடலாம்.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலர் பிரஜா முகர்ஜி, செடியில் இருக்கும் மல்லிகையையும் பறித்த மல்லிகையையும் இந்த வழியில் ஒப்பிட்டார். செடியில் இருக்கும் பூவின் காற்றில் இண்டோலின் பங்கு அதிகம். பறித்த பூவில் அது குறைந்து லினலூலின் பங்கு ஏறியிருந்தது. தோட்டத்தில் நின்று முகரும் மல்லிக்கும் சந்தையில் வாங்கும் மல்லிக்கும் வேறுபாடு உண்டு என்று நம் பாட்டிமார் சொன்னது மனப்பிரமை இல்லை. அதை எண்ணாக எழுதிக் காட்ட முடியும்.

கூட்டத்தைப் பிரிப்பது

இப்போது கையில் இருப்பது பத்து, நூறு பொருள்கள் கலந்த ஒரு துளி. இதைப் பிரிக்கப் பயன்படுவது வாயு வண்ணப்பிரிகை. மாலை ரயிலில் வந்து மாட்டுங்காவில் ஒரே நேரத்தில் இறங்கும் ஒரு கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே கடைத்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். எதிலும் ஆசை இல்லாதவர் நேரே வீடு போய்ச் சேர்வார். பூக்கடையில் நிற்பவர் கொஞ்சம் தாமதமாவார். பூக்கடை, காய்கறிக் கடை, காபிப்பொடிக் கடை எல்லாவற்றிலும் நிற்பவர் கடைசியில் வருவார். தெருமுனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே கூட்டம் தானாக வகை பிரிந்து வருவது தெரியும்.

கருவியில் தெருவுக்குப் பதில் ஒரு சுருள் குழாய். நீளம் 30 மீட்டர். உள்துளையின் விட்டம் கால் மில்லிமீட்டர். உட்சுவரில் மெல்லிய திரவப் பூச்சு. ஹீலியம் வாயு மணப்பொருள்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூச்சில் அதிகம் ஒட்டாதவை, எளிதில் ஆவியாகக்கூடியவை முதலில் வெளியேறும். ஒட்டிக்கொள்பவை பின்னால் வரும். குழாயின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் பின்தங்கியவையும் கிளம்பிவிடும். வெளிவரும் ஒவ்வொரு பொருளும் திரையில் ஒரு கூம்பாக எழும்.

இந்த முறை பிறந்ததே செடியிலிருந்துதான். ரஷ்யத் தாவரவியலர் மிகைல் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் ஊற்றி நிறமிகளைப் பட்டை பட்டையாகப் பிரித்தார். 1952இல் ஏ.டி. ஜேம்ஸ், ஏ.ஜே.பி. மார்ட்டின் இருவரும் திரவத்துக்குப் பதில் வாயுவை ஓடவிட்டுக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வாசனைத் தொழிலின் ஆய்வுக்கூடங்களில் இது இன்றியமையாததாகிவிட்டது.

ட்ராம்பேயின் தராசு

வரிசை பிரிந்துவிட்டது. ஆனால் வந்தவர் யார்? வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் வரவும் கூடும். அடையாளம் காண நிறை நிறமாலைமானி வேண்டும்.

குழாயிலிருந்து வெளிவரும் மூலக்கூறை வெற்றிடத்துக்குள் அனுப்பி எலக்ட்ரான்களால் அடிக்கிறார்கள். அது மின்னேற்றம் பெறுகிறது. பெரும்பாலும் உடையவும் செய்கிறது. மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ அந்தத் துண்டுகளை நிறை வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். பென்சைல் அசிட்டேட்டின் மூலக்கூறு நிறை 150. உடையும்போது 42 அலகு கழன்று 108 என்ற துண்டு வருகிறது. 91 என்ற வளையத் துண்டு வருகிறது. 43 என்ற அசிட்டைல் துண்டு வருகிறது. ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்பது உட்பட இந்த வரிசை அந்தப் பொருளுக்கே உரியது. கணினியில் சேமித்துவைத்திருக்கும் லட்சக்கணக்கான வரிசைகளோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும். அதோடு முடிவு கட்டிவிட மாட்டார்கள். தூய பென்சைல் அசிட்டேட்டைத் தனியாக அதே குழாயில் செலுத்தி, அது வெளிவரும் நேரமும் துண்டுகளின் வரிசையும் இரண்டுமே பொருந்தினால்தான் உறுதி.

அணுசக்தி நகரில் வசிப்பவர்களுக்கு நிறை நிறமாலைமானி அந்நியமான பெயர் அல்ல. இயற்கை யுரேனியத்தில் 0.72 சதவீதமே இருக்கும் யுரேனியம்-235ஐயும் மீதி யுரேனியம்-238ஐயும் பிரித்து அளக்கவும், கனநீரின் தூய்மையைச் சோதிக்கவும் இந்தக் கருவி பயன்படுகிறது. ட்ராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய கருவிகளை உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. யுரேனியத்தை நிறுக்கும் அதே தத்துவம்தான் மல்லி மணத்தையும் நிறுக்கிறது.

இந்தக் கருவி எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு ஜாஸ்மோனின் கதை போதும். மல்லிகை எண்ணெயிலிருந்து அந்தப் பொருளை 1899இல் ஹெஸ்ஸே பிரித்தெடுத்தார். அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பது தெளிவாக 1933 ஆயிற்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ருசிக்கா அதில் பங்குகொண்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள். சேர்மத்தைப் படிப்படியாக உடைத்து, உடைந்ததை அடையாளம் கண்டு, பிறகு அதைத் திரும்பக் கட்டிக் காட்டித்தான் அமைப்பை நிறுவ முடிந்தது. அதே 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் வேதித் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியது. இன்று மாட்டுங்காவில் இருக்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் அதுதான். அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன். தாவரங்களின் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோன்களை உருவாக்கும் வழியில் அவர் பெயரைத் தாங்கிய வேதிவினை உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அந்தத் தலைமுறை ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்ட விடையை இன்றைய கருவி ஒரு மணி நேரத்துக்குள் தருகிறது. ஆனால் கருவி ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் பட்டியலே அந்தத் தலைமுறை கட்டிக்கொடுத்ததுதான்.

மூக்குக்கு ஈடு இல்லை

கருவி காட்டும் பெரிய கூம்பு எல்லாம் பெரிய மணம் என்று எண்ணிவிடக் கூடாது. மல்லிகை அப்சல்யூட்டில் தாராளமாக இருக்கும் பென்சைல் பென்சோயேட்டுக்கு ஏறக்குறைய மணமே இல்லை. மிகச் சிறிய கூம்பாக வரும் ஜாஸ்மோனும் மெத்தில் ஜாஸ்மோனேட்டும்தான் சாதிமல்லியின் குணத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே ஆய்வுக்கூடத்தில் சுருள் குழாயின் முடிவை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைக் கருவிக்கும் மற்றதை மனித மூக்குக்கும் விடுகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன மணம் வருகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார். நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகை மண ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் குறிக்கும் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது.

மெத்தில் ஜாஸ்மோனேட் இன்னொரு வகையிலும் முக்கியம். 1962இல் மல்லிகை எண்ணெயில் வாசனைப் பொருளாகக் கண்டறியப்பட்ட அது, செடிகளின் எச்சரிக்கைச் செய்தி என்பது பிறகு தெரிந்தது. 1990இல் ஃபார்மர், ரையன் என்ற இரு ஆய்வாளர்கள், காற்றில் வந்த மெத்தில் ஜாஸ்மோனேட் பட்டதும் தக்காளிச் செடிகள் பூச்சிகளின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைச் செய்யத் தொடங்குவதைக் காட்டினார்கள். பூச்சி கடித்தால் செடி எப்படித் தற்காத்துக்கொள்கிறது என்ற பெரும் ஆய்வுத்துறையின் மையச் சொற்களில் ஒன்று மல்லிகையிலிருந்து வந்தது.

அசலா, போலியா?

ஒரு டன் பூவுக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்கு வருவோம். பென்சைல் அசிட்டேட்டைப் பெட்ரோலியப் பொருள்களிலிருந்து மலிவாகச் செய்யலாம். லினலூலையும் செய்யலாம். ஊதுபத்தியில் இவை இருப்பதில் தவறில்லை; மலிவு விலைக்கு மணம் கிடைக்கிறது. ஆனால் இவற்றைக் கலந்துவிட்டு ‘இயற்கை மல்லிகைச் சாறு’ என்று விற்றால் அது பூ வளர்த்தவரையும் வாங்கியவரையும் சேர்த்து ஏமாற்றுவது. தொழிற்சாலை பென்சைல் அசிட்டேட்டும் மல்லி செய்த பென்சைல் அசிட்டேட்டும் அணு அணுவாக ஒரே மூலக்கூறு. நிறை நிறமாலைமானியும் இரண்டையும் 150 என்றே சொல்லும். எப்படிப் பிரித்தறிவது?

முதல் வழி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல இரண்டு வடிவங்கள் கொண்ட மூலக்கூறுகளைப் பார்ப்பது. லினலூலுக்கு இப்படி இரண்டு ஆடி எதிருருக்கள் உண்டு. செடியின் நொதிகள் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே அதிகம் செய்கின்றன. மல்லி ஒரு வடிவத்தைச் செய்கிறது. ரசத்துக்குப் போடும் தனியாவில் இருக்கும் லினலூல் பெரும்பாலும் அதன் எதிருரு. தொழிற்சாலை வினையிலோ இரண்டும் சரிபாதி வரும். சுருள் குழாயின் உட்பூச்சை ஒருபக்கச் சார்புள்ள பொருளால் செய்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியும். மல்லிகைச் சாறு என்ற பெயரில் வந்ததில் இரண்டும் பாதிப்பாதி இருந்தால் கலப்படம் வெளிப்பட்டுவிடும்.

பென்சைல் அசிட்டேட்டுக்கு ஆடி எதிருரு கிடையாது. அங்கே கைகொடுப்பது கார்பன்-14. விண்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் ஓயாமல் உருவாக்கும் கதிரியக்கக் கார்பன் இது. லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் காற்றில் இருக்கிறது. செடி கார்பன் டை ஆக்சைடை உண்ணும்போது அதுவும் உள்ளே போகிறது. உயிருள்ள எந்தச் செடியின் கார்பனிலும் கிராமுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 அணுக்கள் சிதைகின்றன. செடி இறந்த பிறகு 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அளவு பாதியாகும். பெட்ரோலியம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்தது. அதில் கார்பன்-14 அறவே இல்லை. எனவே பூ செய்த பென்சைல் அசிட்டேட்டில் இந்தக் கதிரியக்கம் இருக்கும், எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததில் இருக்காது. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் பாதி காட்டும்.

இந்த அறிவியலும் மும்பைக்குப் புதிதல்ல. 1960களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கார்பன்-14 ஆய்வகம்தான் லோதல், காலிபங்கன் போன்ற ஹரப்பா கால ஊர்களின் வயதைக் கணித்துக் கொடுத்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய கரித்துண்டின் வயதைச் சொன்ன அளவுகோல், நேற்று அடைத்த வாசனைப் புட்டியின் பிறப்பையும் சொல்லும். வேறொரு செடியின் மலிவான லினலூலைக் கலந்தால் கார்பன்-14 ஏமாந்துபோகும். அந்தச் செடி செய்வது மற்ற வடிவமாக இருந்தால் அங்கே ஆடி எதிருருச் சோதனை பிடித்துவிடும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிப்பதால்தான் ஆய்வுக்கூடங்கள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பூவின் பெயரைக் காக்கிறது. பூவிலிருந்து எடுத்த மணத்தைக் காப்பது அளவீடு மட்டுமே. விலை சரியும் நாள்களில் சந்தையில் விலை போகாத பூவெல்லாம் சென்ட் ஃபேக்டரிக்குத்தான் போகிறது. அங்கே எடுக்கும் சாற்றுக்குக் கலப்படச் சாறு போட்டியாக நின்றால், விடியலுக்கு முன் தோட்டத்தில் இறங்கி மொட்டு பறிக்கும் கையின் கூலியில்தான் அது கடைசியில் வந்து விடியும். ஆகவே ‘இயற்கை மல்லிகை’ என்று எழுதிய புட்டியை வாங்கும்போது, எந்த முறையில் எடுத்தது, எந்தச் சோதனையில் தேறியது என்று கேளுங்கள். வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். சொல்ல முடிந்த விற்பனையாளர் சொல்வார். சொல்ல முடியாதவரிடம் வாங்குவதைவிட ஒரு முழம் பூ வாங்குவது மேல். அதன் மணம் அசல் என்பதற்கு எந்தக் கருவியின் சான்றும் வேண்டியதில்லை.